ஏற்காட்டு மழையில் நிறுத்தினால் காருக்குள் இடது பக்கம் தண்ணீர்: எங்கிருந்து ஒழுகுகிறது?

கோரிமேட்டான்

வணக்கம். 7 வருஷ பெட்ரோல் ஹேட்ச்பேக், சன்ரூஃப் கிடையாது. வாரக் கடைசியில ஏற்காடு போய் வர்ற வண்டி. அங்கே எஸ்டேட் ஓரமா சில்வர் ஓக் மரத்தடியில, மேட்டைப் பார்த்து நிறுத்துவோம். அதாவது முன்பக்கம் உயரம், பின்பக்கம் பள்ளம். கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்சும் நிக்கும்.

ராத்திரி முழுக்க மழை பெஞ்சா காலையில இடது பின் சீட் காலடியில ஃப்ளோர் மேட்டுக்கு அடியில தண்ணி தேங்கி இருக்கு. கையால அழுத்தினா கார்பெட்ல இருந்து பொங்குது. இடது முன் காலடி மேலே தொட்டா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கு, அழுத்தினா லேசா ஈரம். டிரைவர் பக்கம் சுத்தமா இல்லை. டிக்கி, ஸ்டெப்னி பள்ளம் ரெண்டும் பார்த்தாச்சு, காய்ஞ்சு இருக்கு. கூரைத் துணியிலயும் கறை எதுவும் இல்லை.

சேலத்துல வீட்ல நிக்கும்போது இந்தப் பிரச்சினை வரவே இல்லை.

பட்டறையில காட்டினேன். பின் கதவு பீடிங் (கதவு ஓர ரப்பர்) போயிடுச்சு, நாலு கதவுக்கும் மாத்திடலாம், கண்ணாடி ஓரம் பூரா சிலிக்கான் அடிச்சுடலாம்னு சொன்னாங்க. காசு போட்டு மாத்தின பிறகும் ஒழுகினா என்ன பண்றது? முதல்ல ஒழுகுற இடத்தை உறுதியா கண்டுபிடிக்க வழி இருக்கா?

டிங்கர்கடை

பீடிங்கை இப்போதைக்கு மாத்தாதீங்க. சிலிக்கானை எப்பவுமே அடிக்காதீங்க, காரணம் கடைசியில சொல்றேன்.

தண்ணி நிக்கிற இடமும் நுழையுற இடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை. உங்க வண்டி முன்பக்கம் உயர்ந்து நிக்குது. முன்னாடி எங்கே உள்ளே வந்தாலும் கார்பெட்டுக்கு அடியில, சில்லை (கதவுக்குக் கீழே இருக்கிற படித் தகடு) ஒட்டி வயரிங் ஓடுற பள்ளத்துல பின்னாடி வழிஞ்சு, சீட்டுக்கு அடியில இருக்கிற குறுக்குத் தகடு ஓரமா இறங்கி பின் காலடியில தேங்கிடும். முன் கார்பெட் மேலே காய்ஞ்சும் அழுத்தினா ஈரமாவும் இருக்குன்னா, தண்ணி மேலேருந்து சொட்டல, அடியில ஓடியிருக்கு. அதனால பின் கதவு மேல எனக்கு சந்தேகம் குறைவு.

"சேலத்துல ஒழுகல"ங்கிறதை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. வீட்ல வண்டி ஷெட்டுக்குள்ள நிக்குதா, மழையிலயா? அதைச் சொல்லுங்க.

தண்ணியைத் தேடுறதுக்கு முன்னாடி அது மழைத் தண்ணிதானான்னு பாருங்க. ஏசி ஓடும்போது ஆவியாக்கிப் பெட்டியில சேர்ற தண்ணி ஒரு ரப்பர் டியூப் வழியா வண்டிக்கு அடியில சொட்டணும். அந்த டியூப் வாய்ல குளவி மண் கூடு கட்டினாலோ தூசி அடைச்சாலோ தண்ணி உள்ளேயே கொட்டும். நம்ம ஊர் வலது ஸ்டியரிங் வண்டிகள்ல அது பெரும்பாலும் இடது முன் காலடிக்குத்தான் வரும், உங்க அறிகுறியும் அதேதான். மலையில ஏசி தேவையில்லைன்னு நினைப்போம், ஆனா கண்ணாடியில பனி படிஞ்சா டீஃபாக் போடுறப்ப பல வண்டிகள்ல ஏசி தானாவே ஓடும். வெயில் நாள்ல வண்டியை நிறுத்தி ஏசியை 20 நிமிஷம் ஓட்டுங்க. அடியில சொட்டுச் சொட்டா விழணும். விழலைன்னா அந்த டியூபை முதல்ல சுத்தம் பண்ணுங்க.

இன்னொண்ணு ஹீட்டர் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம், ஹீட்டருக்கும் அதுதான் போகும். வெள்ளைத் துணியால ஒத்தி எடுத்துப் பாருங்க. பச்சை, ரோஸ் மாதிரி நிறம், விரல்ல பிசுபிசுப்பு, இனிப்பு வாசனை, கண்ணாடி உள்பக்கம் எண்ணெய்ப் படலம், டேங்க்ல கூலன்ட் அளவு குறையுறது, இதெல்லாம் இருந்தா அது மழை இல்லை.

ரெண்டும் இல்லைன்னா, உங்க கேஸ்ல முதல் சந்தேகம் வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் கிரில். முன் கண்ணாடியில விழுற மழை முழுக்க அந்தக் கிரில் வழியா ஒரு தகட்டுப் பள்ளத்துல இறங்கி, ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற வடிகால் ஓட்டை வழியா முன் சக்கரத்துக்குப் பின்னாடி வெளியே போகும். சில வண்டிகள்ல அந்த ஓட்டையில வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வாய் இருக்கும், குப்பை சிக்குறதே அங்கேதான். ஏசி புளோயர் காத்து இழுக்கிற வாயும் அதே பள்ளத்துலதான். வடிகால் அடைச்சா பள்ளம் தொட்டியாகும், தண்ணி மட்டம் அந்தக் காத்து வாய் உயரத்தைத் தாண்டின உடனே புளோயர் பெட்டி வழியா இடது காலடிக்கு வந்துடும். வண்டி இடது பக்கம் சாய்ஞ்சு நின்னா இடது ஓரத்துல சீக்கிரம் நிறையும். சமதளத்துல லேசான மழைக்கு ஒழுகாம, மலையில ராத்திரி மழைக்கு மட்டும் ஒழுகுறது இதனாலதான் இருக்கும்.

பானெட்டைத் திறந்து கிரிலோட இடது மூலையில ஒரு லிட்டர் தண்ணியை மெதுவா ஊத்துங்க. இடது முன் சக்கரத்துக்குப் பின்னாடி உடனே கொட்டணும். வலது பக்கமும் ஊத்தி ஒப்பிட்டுப் பாருங்க. இடது பக்கம் தாமதமாவோ, நூல் மாதிரியோ வந்தா அடைப்பு உறுதி.

கிரிலைக் கழட்டுற முறை: வைப்பர் நிக்கிற இடத்துல கண்ணாடியில மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வெச்சுக்கோங்க. வைப்பர் கை அடியில மூடியை எடுத்தா நட்டு தெரியும். அதை முழுசா கழட்டாம ரெண்டு மரை தளர்த்தி, கையை மேலும் கீழும் ஆட்டுங்க, பல் விட்டுடும். வரலைன்னா சின்ன புல்லர் போடுங்க. ஸ்குரூ டிரைவர் வெச்சு நெம்பினா பானெட்ல கோடு, இல்லைன்னா கண்ணாடியில விரிசல். கிரிலைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் 7 வருஷ வெயில்ல மொறுமொறுன்னு ஆகியிருக்கும், ரெண்டு மூணு நிச்சயம் உடையும். முன்னாடியே அஞ்சாறு வாங்கி வெச்சுக்கோங்க. பள்ளத்துல இருக்கிற குப்பையைக் கையாலயும் வேக்குவத்தாலயும் எடுங்க. தண்ணி பீய்ச்சித் தள்ளினா சேறு ஓட்டைக்குள்ள இன்னும் இறுகும்.

அதே பள்ளத்துல தகடு இணையுற கோட்டுல சீலர் வெடிச்சிருக்கா, வயர் கட்டு உள்ளே போற ரப்பர் குரோமெட் சரியா உட்கார்ந்திருக்கான்னும் பார்த்துடுங்க. ஹாரன், ஃபாக் லேம்ப் வெளிக்கடையில போட்டிருந்தா குரோமெட்டைக் குத்தி வயர் இழுத்திருப்பாங்க. அந்த வயரைப் பிடிச்சே தண்ணி உள்ளே இறங்கும். குரோமெட்டைச் சுத்தி ப்யூட்டைல் (பிசின் மாதிரி ஒட்டுற சீலன்ட்) அடைச்சு, வயர் உள்ளே நுழையுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழே தொங்குற மாதிரி கட்டினா தண்ணி அங்கேயே சொட்டிடும்.

சிலிக்கான் விஷயம். கடையில கிடைக்கிற சாதா சிலிக்கான், வினிகர் வாசனை அடிக்குமே, அது இறுகும்போது அமிலத்தை விடும். கீறல் விழுந்த தகட்டுல துரு பிடிக்க அது போதும். பெயின்ட் மேலே சரியா ஒட்டாது, ஓரத்துல உரிஞ்சு உள்ளே தண்ணியைத் தேக்கி வெச்சுக்கும். எல்லாத்தையும் விட மோசம், நாளைக்கு முறையா சீலன்ட் போடணும்னா சிலிக்கான் எச்சத்து மேலே எதுவும் ஒட்டாது. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் கூலி கேப்பாங்க, கேக்கிறது நியாயமும்கூட.

கோரிமேட்டான்

ரொம்ப நன்றிண்ணே. வீட்ல ஷெட்டுக்குள்ளதான் நிக்குது, மழையே படாது. அதை யோசிக்கல.

ஏசி 20 நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன், அடியில நல்லா சொட்டுது. துணியில நிறமோ வாசனையோ இல்லை, கொஞ்சம் மண் கலர் மட்டும். கூலன்ட் குறையல.

சொல்லாம விட்ட ரெண்டு: முன் கண்ணாடி போன வருஷம் கல் அடிச்சு மாத்தினது. நாலு கதவுலயும் வெளிக்கடையில ஸ்பீக்கர் மாத்தியிருக்கு.

நாகலூர்காரன்

ஸ்பீக்கர்னு சொன்னீங்களே, அதைத்தான் இந்தத் திரியில யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன்.

மழையில கதவுக்குள்ள தண்ணி போறது கோளாறே இல்லை. கண்ணாடி ஏறி இறங்குற வெளிப் பட்டை பாதித் தண்ணியைத்தான் தடுக்கும். மீதி கதவுக்குள்ள இறங்கி, கீழ் விளிம்புல இருக்கிற ரெண்டு மூணு ஓட்டை வழியா வெளியே போகணும். அந்தத் தண்ணி கேபினுக்குள்ள வராம தடுக்கிறது டோர் பேடுக்குப் (கதவோட உள்பக்கப் பலகை) பின்னாடி ஒட்டியிருக்கிற ஒரு பிளாஸ்டிக் ஷீட்தான். ஸ்பீக்கர் மாத்துறவங்க அதைக் கிழிச்சு, திரும்ப ஒட்டும்போது செல்லோ டேப்பைப் போட்டு விட்டுடுவாங்க. ஈரம் பட்ட டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அப்புறம் தண்ணி ஷீட்டுக்கு உள்பக்கமா வழிஞ்சு, டோர் பேட் அடி விளிம்புல சொட்டி, படிக்கட்டுப் பட்டையைத் தாண்டி கார்பெட்டுக்கு அடியில போகும். அப்பவும் கார்பெட் மேலே காய்ஞ்சுதான் தெரியும். அதனால டிங்கர்கடை அண்ணன் சொன்ன வைப்பர் பள்ளத்தோட இதையும் சேர்த்துத் தேடணும்.

ஷீட்டைக் கழட்டாமலே சோதிக்கலாம். கதவை மூடி, கண்ணாடிக்கும் வெளிப் பட்டைக்கும் நடுவுல ஒரு லிட்டர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து டோர் பேட் அடியில டிஷ்யூ பேப்பர் பிடிச்சுப் பார்க்கணும். ஊத்தின தண்ணியில பெரும்பங்கு கதவுக்கு அடியில உடனே வெளியே வரணும். கதவை ஆட்டினா உள்ளே "சளக் சளக்"னு சத்தம் வந்தா வடிகால் ஓட்டை அடைச்சிருக்கு, கேபிள் டையைக் கீழேருந்து விட்டு நோண்டுங்க. மலைப்பாதை செம்மண்ணும் வாட்டர் வாஷ் மெழுகும் சேர்ந்து அந்த ஓட்டையில கெட்டியா பிடிச்சுக்கும்.

சில்வர் ஓக் பத்தியும் ஒண்ணு. அதோட இலை பிளவு பிளவா இருக்கும், காய்ஞ்சா நொறுங்கி மெல்லிய குச்சியாயிடும். மா இலை, பலா இலை மாதிரி கிரில் மேலே தங்காது, கிரில் கண்ணியிலேயே நுழைஞ்சு பள்ளத்துக்குள்ள போய் மட்கி, பீட் மண்ணாட்டம் ஆயிடும். மேலேருந்து பார்த்தா கிரில் சுத்தமா இருக்கும், அடியில அரை கிலோ இருக்கும். எஸ்டேட்ல காப்பிக்கு நிழலும் மிளகுக்குக் கொம்பும் இந்த மரம்தான், அதனால நிறுத்த வேற மரம் தேடினாலும் கிடைக்காது. கிரிலைக் கழட்டுறப்ப அடியில மெல்லிய அலுமினியக் கொசுவலையை வெட்டி வெச்சுக் கட்டுங்க. வைப்பர் மோட்டார் கம்பி அசையுற இடத்துல மட்டும் வலை படக்கூடாது.

டிங்கர்கடை

கொசுவலை வேண்டாம்னு சொல்வேன். இலை வலை மேலே படிஞ்சா கிரில் முழுக்க மூடிக்கும், மழைத் தண்ணி பானெட் பக்கம் வழிஞ்சு போகுறதோட புளோயருக்குக் காத்தும் குறையும். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணா போதும்.

நாகலூர்காரன்

கீழே சேலத்துல ஓடுற வண்டிக்கு அது சரிங்க. இங்கே மாசக்கணக்கா மரத்தடியில நிக்கிற வண்டிக்கு, மேலே படியிற இலையைக் கையால தட்டி விடுறது சுலபம். கிரிலைக் கழட்டுறதுதான் கஷ்டம். வாரம் ஒரு நாள் மட்டும் வர்றவருக்கு வலை தேவையில்லைன்னு ஒத்துக்கிறேன்.

கண்ணாடிவேலை

முன் கண்ணாடி மாற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதையும் விலக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றாக ஊகித்துக் கழற்றுவதைவிட, முறையாக ஒரு தண்ணீர்ச் சோதனை செய்தால் எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

முதலில் வண்டி உள்ளே முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கார்பெட்டை வைத்துச் சோதித்தால் பழைய தண்ணீருக்கும் புதிய தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. இடது பக்கப் படிப்பட்டையையும், முன் காலடியில் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியையும் கழற்றுங்கள். கார்பெட்டை மடித்துத் தகடு தெரியும்படி வையுங்கள். கிளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் கீழே இறங்கிவிடும், புளோயர் பெட்டி தெரியும். காய்ந்த தகட்டின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். தண்ணீர் ஓடினால் பவுடரில் கோடு விழும். அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போனால் நுழையும் இடம் கிடைக்கும்.

இரண்டாவது, ஏற்காட்டில் நிற்பது போலவே வண்டி நிற்க வேண்டும். வீட்டு வாசல் சரிவில் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்துங்கள். கை பிரேக்கை மட்டும் நம்பாமல் பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். சமதளத்தில் சோதித்துவிட்டு "ஒழுகவில்லை" என்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. மலையில் ஒழுகும் வண்டியை மலையின் சாய்வில்தான் பார்க்க வேண்டும்.

தோட்டத்து ஓஸ் பைப் போதும், முனையில் எதையும் மாட்டாதீர்கள். பிரஷர் வாஷர் கூடவே கூடாது. அது நல்ல பீடிங்கையும் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும், இல்லாத ஒழுகலைக் காட்டும். ஒருவர் வெளியே, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே.

கீழிருந்து மேலாகப் போங்கள். முதலில் சக்கர வளைவும் சில்லும், பிறகு வைப்பர் கிரில், பிறகு கதவுக் கண்ணாடியின் அடிப்பகுதி, பிறகு கதவு பீடிங், பிறகு முன் கண்ணாடியின் இரு பக்கங்கள், அப்புறம் கண்ணாடியின் மேல் விளிம்பு, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம் தண்ணீர் விட்டு, இன்னும் 2 நிமிடம் காத்திருங்கள். கூரையில் ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது குற்றவாளி என்றே தெரியாமல் போய்விடும். ஒரு இடத்தில் ஒழுகல் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அதைத் தற்காலிகமாக மாஸ்கிங் டேப் போட்டு மூடிவிட்டு மேலே தொடருங்கள். இந்த வயது வண்டியில் இரண்டு ஓட்டைகள் இருப்பது சகஜம்.

சோப்பு நுரைச் சோதனை என்று ஒன்றும் செய்வார்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் ஓட்டி, வெளியே ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்தால் காற்று வரும் இடத்தில் குமிழி வரும். கதவு பீடிங்குக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் அது நல்ல சோதனை. வைப்பர் பள்ளத்துக்கும் கதவு ஷீட்டுக்கும் அது எதையும் சொல்லாது. உங்கள் வண்டிக்கு ஓஸ் பைப்பே போதும்.

கண்ணாடியிலிருந்து ஒழுகினால் அடையாளம் இருக்கும்: டேஷ்போர்டு மூலையிலோ, ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) பிளாஸ்டிக்கின் அடியிலோ ஈரம், பவுடர்க் கோடு டேஷ்போர்டுக்கு மேலிருந்து வரும். அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கண்ணாடியை வெட்டி எடுத்து, தகட்டு விளிம்பில் துரு இருந்தால் சுரண்டி பிரைமர் அடித்து, பாலியுரேத்தேன் பசையை இடைவெளியில்லாத ஒரே கோடாக இட்டு மறுபடி உட்கார வைப்பது. போன வருட வேலைக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். பசை இறுகும்வரை கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றியிருந்தால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் ஈரப் பசையைத் தள்ளிவிடும். ஒரு கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைப்பது அதற்காகத்தான். வாட்டர் வாஷும் ஒரு நாளைக்கு வேண்டாம். முன் கண்ணாடி விபத்தில் ஏர்பேக்குக்கு முட்டுக் கொடுக்கும் பாகம், அதை வெளியிலிருந்து சிலிக்கான் பூசி மூடுவது ஒழுகலைவிடப் பெரிய ஆபத்து.

சன்ரூஃப்சங்கடம்

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நம்ம வண்டியில சன்ரூஃப் இருக்கு, ஏ பில்லர் வழியா தண்ணி வருது. சன்ரூஃப் ரப்பர் மாத்தணும்னு சொல்றாங்க. வேணுமா?

கண்ணாடிவேலை

பெரும்பாலும் வேண்டாம். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்கு இல்லை. உள்ளே வரும் தண்ணீரைச் சட்டத்தில் உள்ள வாய்க்கால் பிடித்து, மூலைகளில் உள்ள டியூப்கள் வழியாக வெளியே விடும். முன் டியூப்கள் ஏ பில்லருக்குள் இறங்கி முன் கதவுக் கீல் பக்கத்தில் வெளியேறும், பின் டியூப்கள் பின் பம்பர் பக்கம் போகும். ஒவ்வொரு மூலையிலும் 100 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் கீழே வராவிட்டால் அந்த டியூப் அடைத்திருக்கிறது.

புல் வெட்டும் மெஷினில் போடும் 2 மில்லிமீட்டர் நைலான் நரம்பை, முனையைத் தீயில் காட்டி உருண்டையாக்கி மேலிருந்து மெதுவாக விடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், டியூபைக் கிழிக்கும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், பஞ்சர் கடையில் அடிக்கும் அழுத்தத்துக்கு டியூப் மூலையில் கழன்றுவிட்டால் கூரைத் துணியை இறக்காமல் திருப்பி மாட்ட முடியாது.

கோரிமேட்டான்

எல்லாரும் சொன்னபடி செஞ்சு பார்த்தேன், முடிவு இதோ:

வைப்பர் பள்ளத்துல இடது ஓட்டை முழு அடைப்பு, கறுப்பு மண்ணும் ஓக் குச்சியும். ஒரு லிட்டர் ஊத்தினதுல கீழே சொட்டுக்கூட வரலை. அடைப்போட ஓஸ் பைப் விட்டப்ப புளோயர் பெட்டி அடியில பவுடர்ல கோடு விழுந்துச்சு. சுத்தம் பண்ணின பிறகு அதே 5 நிமிஷத்துக்கு உள்ளே ஒண்ணும் இல்லை, சக்கரத்துக்குப் பின்னாடி அருவியா கொட்டுது.

ஆனா கதவுக் கண்ணாடிக்குத் தண்ணி விட்டப்ப இடது முன் கதவு பேட் அடியில சொட்டுச்சு. இடது பின் கதவு, முன் கண்ணாடி, கூரை எல்லாம் காய்ஞ்சு இருக்கு. ஸ்பீக்கர் ஷீட்டை எப்படி முறையா ஒட்டுறது? கார்பெட்டை எப்படிக் காய வைக்கிறது?

நாகலூர்காரன்

ஷீட்டுக்கு நான் சொல்றேன், கார்பெட்டை வயரிங் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

டோர் பேடைக் கழட்ட: கைப்பிடிக் குழிக்குள்ள ஒரு ஸ்குரூ, திறக்கிற நெம்புகோல் கிண்ணத்துக்குப் பின்னாடி ஒரு ஸ்குரூ, அதுக்கு மேலே மூடி இருக்கும். பிறகு சுத்தியும் கிளிப். நெம்புறதுக்கான பிளாஸ்டிக் கருவியைக் கீழ் மூலையில விட்டு ஒவ்வொண்ணா பிரிங்க. கடைசியா பேடை மேலே தூக்கினா வரும். ஒரேயடியா இழுக்காதீங்க, பவர் விண்டோ சுவிட்ச் சாக்கெட்டும் கதவு திறக்கிற நெம்புகோல் கேபிளும் பின்னாடி மாட்டியிருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற வண்டிகள் சிலதுல கதவுக்குள்ளேயே அதுக்கான சென்சார் உண்டு, அதனால வேலைக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு 10 நிமிஷம் விடுங்க.

பழைய ஷீட் ரெண்டு இடத்துக்கு மேலே கிழிஞ்சிருந்தா ஒட்டுப் போட வேண்டாம். 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டைப் பழையதை மேலே வெச்சு வெட்டிக்கோங்க. தகட்டுல இருக்கிற பழைய கறுப்புப் பிசினைப் புது ப்யூட்டைல் உருண்டையால ஒத்தி ஒத்தி எடுத்தா அதுலயே ஒட்டி வந்துடும், மீதியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைங்க. 8 மில்லிமீட்டர் ப்யூட்டைல் கயிறைக் கதவு சுத்தி ஒரே ஓட்டமா வெச்சு, ரெண்டு முனையும் சேர்ற இடத்துல ஒண்ணு மேலே ஒண்ணு 2 சென்டிமீட்டர் ஏறி இருக்கட்டும். ஃபெவிகால், டபுள் டேப், செல்லோ டேப் எதுவும் இதுக்கு ஆகாது.

எல்லாரும் கோட்டை விடுற இடம் அடி விளிம்பு. ஷீட்டோட அடி விளிம்பைக் கதவுத் தகட்டுல இருக்கிற நீள வெட்டுக்குள்ள சொருகணும், அப்பதான் ஷீட்ல வழியிற தண்ணி கதவுக்குள்ளேயே விழும். அப்படிச் சொருகாம கேபின் பக்கம் விட்டு ஒட்டினா எவ்வளவு நல்லா ஒட்டினாலும் தண்ணி கேபினுக்குத்தான் வரும்.

ஸ்பீக்கர் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர் ஃபோம் டேப், தண்ணி உறிஞ்சாத ரகம். ஸ்பீக்கருக்குப் பின்னாடி மேல் பாதியை மூடுற மாதிரி ஒரு ரப்பர் கூடு கார் ஆடியோ கடையில விக்கிறாங்க, அதைப் போட்டா காந்தம் துரு பிடிக்காது. மற்ற மூணு கதவு இப்போ ஒழுகலைன்னாலும் அதே கடை, அதே டேப்தான். வரிசையா பிரிச்சுப் பார்த்துடுங்க.

பேடைத் திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் சோதனையைத் திரும்பப் பண்ணுங்க. மாட்டின பிறகு ஒழுகினா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

ஆட்டோவயரிங்

கார்பெட்டைப் பத்தி: அவசரப்பட்டு மேலே ஃபேன் வெச்சுட்டு "காய்ஞ்சுடுச்சு"ன்னு முடிவு பண்ணாதீங்க. கார்பெட்டுக்கு அடியில சணல் நார், இல்லைன்னா ஃபோம், 2-3 சென்டிமீட்டர் கனத்துக்கு இருக்கும். மேல் துணி ஒரே நாள்ல காயும், அடி ஃபோம் வாரக்கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். அந்த ஈரம்தான் காலையில கண்ணாடி உள்பக்கம் பனி படியிறதுக்கும், பூஞ்சை வாசனைக்கும், தரைத் தகடு அரிக்கிறதுக்கும் காரணம்.

இடது முன் சீட்டைக் கழட்டித்தான் ஆகணும். பேட்டரி மைனஸ் கழட்டி 10 நிமிஷம். அப்புறம் நாலு போல்ட், சீட்டுக்கு அடியில சாக்கெட். மஞ்சள் நிற சாக்கெட் இருந்தா அது ஏர்பேக், சீட்பெல்ட் சம்பந்தப்பட்டது. அதைப் பிரிச்ச நிலையில இக்னிஷனைப் போட்டா டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு எரிஞ்சு நின்னுடும், பல வண்டிகள்ல ஸ்கேனர் வெச்சுத்தான் அழிக்க முடியும். மல்டிமீட்டரை அந்த சாக்கெட் பக்கமே கொண்டு போகாதீங்க.

ஈரத்தை முதல்ல தண்ணி இழுக்கிற வேக்குவத்தால இழுங்க. அப்புறம் கார்பெட்டைத் தூக்கி அடியில செங்கல், மரக்கட்டை எதையாவது முட்டுக் கொடுத்து, கதவைத் திறந்து வெச்சு பெடஸ்டல் ஃபேனைத் தரை மட்டத்துல விடுங்க. இதை ஏற்காட்டுல பண்ணாதீங்க, மூடுபனி நாள்ல காத்துலேயே ஈரம் நிறைஞ்சிருக்கும், ஃபேன் ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை. கீழே சேலத்துக்கு இறக்கிட்டு வெயில்ல பண்ணுங்க. ஃபோம் தனியா பிரியுற ரகம்னா வெளியே எடுத்து மொட்டை மாடியில போடுறது இன்னும் நல்லது. காய்ஞ்சதா பார்க்க ஒரு டிஷ்யூவை ஃபோம் அடியில வெச்சு மேலே முழங்காலால அழுத்தி அரை நிமிஷம் இருங்க, ஈரப்புள்ளி விழக்கூடாது.

பூஞ்சை படிஞ்சிருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிச்சு பிரஷ்ஷால தேய்ங்க, கதவைத் திறந்து வெச்சு, பக்கத்துல நெருப்பு இல்லாம. பிளீச்சிங் வேண்டாம், கார்பெட் நிறமும் போகும், தகடும் அரிக்கும். வாசனைக்கு ஸ்பிரே அடிக்கிறது வீண் செலவு.

தகடு வெளியே தெரியுறப்பவே துருப் புள்ளி இருக்கான்னு பாருங்க. இருந்தா கம்பி பிரஷ், துரு மாத்தி (துருவை நிறுத்துற திரவம்), பிரைமர், அந்த வரிசை. தரையில இருக்கிற ரப்பர் மூடிகள் கெட்டியா உட்கார்ந்திருக்கணும். ஒண்ணு விழுந்திருந்தா தேங்கின தண்ணியில வண்டி போறப்ப அடியிலேருந்தும் தண்ணி வரும், அது தனிப் பிரச்சினை.

இப்போ முக்கியமானது. உங்க தண்ணி புளோயர் பெட்டி வழியா வந்திருக்கு. கிளவ் பாக்ஸ் இறக்கினதும் தெரியுற காத்து ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதுசு போடுங்க, நனைஞ்ச ஃபில்டரைக் காய வெச்சுப் போட்டா வாசனை போகவே போகாது. புளோயர் மோட்டாரை ஒண்ணாம் நம்பர்ல ஓட்டி, கிறீச் சத்தம் வருதான்னு கேளுங்க. மோட்டாருக்குப் பக்கத்துல இருக்கிற வேகக் கட்டுப்பாட்டு ரெசிஸ்டர் சாக்கெட்ல பச்சைப் பொடி இருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பிரஷ்ஷால எடுங்க. அதை அப்படியே விட்டா ஒரு நாள் அந்த சாக்கெட் சூடாகி உருகும். இடது பக்கவாட்டு மூடிக்குப் பின்னாடி வயர் இணைப்புகள், சில மாடல்ல கன்ட்ரோல் பெட்டியே அங்கேதான் இருக்கும். சாக்கெட்டைப் பிரிச்சு ஒவ்வொரு பின்னையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. சில்லுக்குள்ள ஓடுற வயர் கட்டு துணி டேப் சுத்தினதா இருந்தா அது தண்ணியை உறிஞ்சி வெச்சிருக்கும், நனைஞ்ச நீளத்துக்கு டேப்பை வெட்டிப் பிரிச்சு, காய்ஞ்ச பிறகு புதுசா சுத்துங்க.

கோரிமேட்டான்

ரெசிஸ்டர் சாக்கெட்ல ரெண்டு பின் பச்சையாத்தான் இருக்கு. கிளீனர் அடிச்சுட்டு கிரீஸ் ஏதாவது தடவணுமா?

ஆட்டோவயரிங்

டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத ரகம்) மட்டும், அதுவும் சாக்கெட் ரப்பர் விளிம்புல பட்டாணி அளவு. வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். பின் தளர்ந்து இருந்தா கிரீஸ் காப்பாத்தாது, அந்தப் பெண் பின்னை மாத்திடுங்க. வயர் ஓரத்துல மேல் உறை பழுப்பாகி இறுகியிருந்தா சூடான அடையாளம், அந்த ரெண்டு இன்ச்சை வெட்டிட்டுப் வயரோட வர்ற புது சாக்கெட்டை இணைச்சு சோல்டர் பண்ணி ஸ்லீவ் போடச் சொல்லுங்க.